தேன்சிட்டு வராத வருஷம்

என் கணவர் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். சங்கீதம், இயற்கை, குடும்பம், இந்த மூன்றும்தான் அவருக்கு உயிர் என்றார்கள். பத்திரிகையில் படத்துக்குக் கீழே போடுகிற வாசகம் மாதிரி. நான் தலையை ஆட்டினேன். காப்பி கொடுத்தேன். உள்ளே போய் டம்ளர்களைத் தொட்டியில் கொஞ்சம் பலமாகவே போட்டேன்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் உயிர் என்ற வார்த்தையைச் சும்மா சொல்கிறார்கள். அந்த உயிரில் ஒரு பகுதி அவரை விட்டு நழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது நான் பட்ட பயம் இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். அவருடைய அப்பாவும் ரயில்வே. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. யாதவகிரியில் மாமனார் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். ஒரு மாமரம், மாதுளை, சமையலறை ஜன்னலை ஒட்டிச் செம்பருத்தி. என் கணவர் ஒரு கிளையையும் வெட்ட விடமாட்டார். ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று நான் கத்துவேன். "செடிக்கு என்ன தெரியும், நீ மெதுவா திற" என்பார்.

காலையில் எழுந்ததும் எனக்கு டிகாக்ஷன் போட்டு வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் குக்கரஹள்ளி ஏரிக்குப் போவார். நடந்துவிட்டு வந்து குளித்து, கூடத்தில் தம்பூராவை எடுத்து உட்கார்ந்து பாடுவார். மேடை ஏறியதில்லை. யாரும் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. சாயங்காலம் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, பேத்தியைக் கூப்பிடச் சொல்லி அவளுக்கு ஒரு பாட்டு. இதுதான் அவர் நாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "உன் காதுக்கு விசில்தான் சங்கீதம்" என்று கேலி செய்வார். "விசிலுக்காவது பிள்ளைங்க ஓடி வரும், உங்க பாட்டுக்கு யார் வராங்க?" என்பேன். "தேன்சிட்டு வரும்" என்பார்.

அது உண்மை. அவர் பாடுகிற நேரத்தில்தான் தேன்சிட்டு செம்பருத்திக்கு வரும். பாட்டுக்காக வந்ததா, தேனுக்காக வந்ததா என்று நான் சொல்லவேண்டியதில்லை. இத்தனூண்டு பறவை, ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவர் கூடத்திலிருந்தே, பாட்டை நிறுத்தாமல், கையை மட்டும் சமையலறைப் பக்கம் காட்டுவார். வந்துவிட்டான் என்று அர்த்தம். கண் அவருக்கு எப்போதுமே சரியில்லை, கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் போல இருக்கும். பறவையைக் காதால்தான் பிடிப்பார். கேட்ட பிறகுதான் நிமிர்ந்து தேடுவார்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம். நான் அடுப்படியில் நிற்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தேன்சிட்டு கத்துகிறது. கூடத்திலிருந்து அவர் சொல்கிறார்:

"பாத்தியா, இந்த வருஷம் தேன்சிட்டே வரலை."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "இதோ கத்துதே!" என்றேன். அவர் எழுந்து வந்து பார்ப்பதற்குள் அது பறந்துவிட்டது.

"உனக்கு எது கத்தினாலும் தேன்சிட்டுதான்" என்று திரும்பிப் போனார்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். பறவை கத்தும், இவர் கை நீளாது. குயிலைக் கேட்டார். காக்கையைக் கேட்டார். மாமரத்தில் செம்போத்து கூவினால் உடனே சொன்னார். சின்னப் பறவைகள் மட்டும் அவருக்கு இல்லாமல் போயின. ஏரியிலும் ஒன்றும் இல்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "எல்லாம் போச்சு. நம்ம காலத்தோட முடிஞ்சுது" என்று புலம்பினார்.

அதே சமயத்தில் தம்பூராவும் அவரைப் படுத்த ஆரம்பித்தது. தம்பூராவில் தந்திகள் படுகிற மரக்குதிரை மேல், ஒவ்வொரு தந்திக்கும் அடியில், ஒரு துண்டு நூல் வைத்திருப்பார்கள். ஜீவா என்று பேர். அதைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தால்தான் தந்தி ரீங்காரமாக எழும். இல்லையென்றால் சும்மா டொம் டொம் என்று நிற்கும். எனக்கே இது தெரியும், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார்.

"ஜீவனே இல்ல" என்றார். நூலை மாற்றினார். பருத்தி நூல், பட்டு நூல், என் தையல் டப்பாவிலிருந்த நூல் எல்லாம் போட்டுப் பார்த்தார். மணிக்கணக்கில் காதைத் தந்திமேல் வைத்துக்கொண்டு நகர்த்துவார். எனக்கு அது எப்போதும் போலத்தான் கேட்டது. கூடம் முழுக்க வண்டு மொய்க்கிற மாதிரி. அவர் மட்டும் தலையை ஆட்டி, "செத்துப் போச்சு" என்பார்.

எனக்கு அவர் காதுமேல் சந்தேகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்றால், அவருடைய அம்மா. அந்தத் தம்பூரா அவர்களுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது பாடிக்கொண்டிருந்தவர்கள், சில வருஷத்தில் காது போய், பாட்டை விட்டு, பேச்சையும் விட்டு, கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாகும்வரை அப்படியே. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தால்தான் நாங்கள் இருப்பதே தெரியும். அவர் அதைத் தினமும் பார்த்தவர். அம்மா போன அன்றைக்கு என்னிடம் சொன்னார்: "கண்ணு போனா போகட்டும். காது போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்." அதற்குப் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

அவர் சொன்னால் செய்கிற ஆள். பயம் வராமல் என்ன செய்யும்?

சந்தேகம் தீர்ந்தது பேத்தி வந்தபோது. மகள் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். இவர்தான் மடியில் போட்டுக்கொண்டு, தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அது பீப் பீப் என்று அடித்தது. இவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தும் எடுக்கவில்லை. நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இது என்ன, அடிக்கவே மாட்டேங்குது? பாட்டரி போச்சு போல" என்றார். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாட்டரி வாங்கப் போனார்.

மகள் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காது..."

"வாயை மூடு."

"இதுல என்ன இருக்கு? சொல்லிடலாம். டெஸ்ட் பண்ணி மெஷின் வெச்சா சரியாயிடும். அஷ்டே, அவ்வளவுதான்."

"அஷ்டேயா? உன் பாட்டியை நீ பார்த்ததில்லை."

"அதுக்காக சொல்லாமலே இருப்பியா? நீயா? எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட உங்க பாயசம் கஞ்சி மாதிரி இருக்குன்னு சொன்னவ நீ!"

"பாயசத்துக்காக யாரும் சாகமாட்டாங்க" என்றேன்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள். அதனால்தான் எனக்குச் சிநேகிதிகள் குறைவு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி படுத்தால் அந்த மூலை நாற்காலிதான் கண்ணில் வரும். பகலில் அவர் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடாது. அவர் பாத்ரூமில் கொஞ்சம் நேரம் எடுத்தால் கதவைத் தட்டுவேன். "என்ன உனக்கு? நிம்மதியா குளிக்கக்கூட விடமாட்டியா?" என்று உள்ளேயிருந்து கத்துவார். கத்தினால் சரி, இருக்கிறார்.

ஒருநாள் காலையில் ஏரிக்குப் போனவர் திரும்பவில்லை. வெயில் ஏறிவிட்டது. போன் எடுக்கவில்லை. இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கியும் இறக்காமலும் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஏரிக்கு ஓடினேன். கரையிலே நடக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் ஓடினேன். தண்ணீரைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரு பெரிய மரத்தடியில், சிமெண்ட் பெஞ்சில், நான்கு கிழவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவர்.

"ஏன் வந்தே? கேஸ் அணைச்சியா?" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, அறையலாம் என்றும் வந்தது. "போன் எங்கே?"

"சைலன்ட்ல இருக்கு போல. பறவை பாக்கிற இடத்துல என்ன போன்?"

பக்கத்தில் இருந்தவர் இவருடைய நடைத் தோழர், வங்கி மேனேஜராக இருந்தவர். மற்ற இரண்டு பேரும் அதே வயசு. மேனேஜர் எழுந்து எனக்கு இடம் விட்டு, பாதி கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"வாங்க மேடம், உக்காருங்க. நாங்க ஒரு மனு குடுக்கப் போறோம். வன இலாகாவுக்கு. நீங்களும் ஒரு சைன் போடணும். நீங்களே சொல்லுங்க, இந்த ஏரில ஏதாவது சத்தம் கேக்குதா? ஒண்ணும் இல்ல மாராயரே! மசானம் மாதிரி ஆய்த்து."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மரம் முழுக்கச் சின்னப் பறவைகள். கீச் கீச்சென்று அப்படி ஒரு இரைச்சல். அவர் பேசுவதையே நான் கொஞ்சம் கவனித்துத்தான் கேட்கவேண்டியிருந்தது.

"எல்லாம் இந்த லைட்டு போட்டதாலதான்" என்றார் இன்னொருவர்.

"லைட்டு இல்ல குரு, செல்போன் டவரு."

"ரெண்டும்தான். ஹௌது, ரெண்டும்தான்."

நான்கு பேரும் சோகமாகத் தலையை ஆட்டினார்கள். இவருக்குக் காது போனது தெரியாததற்கு ஒரு காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர் எதைக் கேட்கவில்லையோ அதை அவர்களும் கேட்கவில்லை. ஒருவருக்கு ஒருவர் சாட்சி! இதில் கொடுமை என்னவென்றால், ஏரிக்குப் பக்கத்திலேயே காதுக்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இந்த நான்கு பேரும் தினமும் அதன் வாசலைக் கடந்துதான் ஏரிக்கு வருகிறார்கள், பறவைகளைக் காணோம் என்று சொல்ல.

நாலு பேருக்கும் காது போச்சு என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பெரிசாகத் தெரியும் அந்தக் கண்களோடு, கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்துபோன யாரையோ தேடுகிற மாதிரி. மைதானம் முழுக்கக் கேட்கும்படி விசில் ஊதியவள் நான். மூச்சு வரவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை, அப்புறம் சைன் போடறேன்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே அடுத்த இடி. தம்பூராவின் குதிரை தேய்ந்துவிட்டது, அதனால்தான் ஜீவா நிற்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார். கடைக்காரரிடம் போனில் பேசி, அரம் போட்டு ராவிச் சரிசெய்ய ஏற்பாடு செய்தார். நான் வேண்டாம் என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்?"

"நல்லாத்தானே கேக்குது."

"உனக்கு மிக்ஸி சத்தம்கூட நல்லாத்தான் கேக்கும்."

ராவிய மரம் திரும்ப வளராது. அவருடைய அம்மாவின் தம்பூரா அது. நான் பேசாமல் இருந்தால் தம்பூரா கெடும். கெட்ட பிறகும் அவருக்குச் சத்தம் கேட்காது. அப்போது வேறு எதைக் குற்றம் சொல்வார்? பேசினால், அவர் என்ன ஆவார்? இரண்டு பக்கமும் எனக்குக் கிணறுதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே ஆட்டோவை வரச் சொல்லிவிட்டார். தம்பூராவைப் பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி வாசலில் சாய்த்து வைத்தார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். நான் வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது.

ஜன்னலுக்கு வெளியே, கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. ஆண் பறவை. வயிறு மஞ்சள், தலை மின்னியது. இவ்வளவு கிட்டத்தில் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்துவிட்டார். டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அட, வந்திருக்கே!" என்றார். முகம் மலர்ந்தது. பிறகு, "பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுது பாரு. தண்ணிக்குத் தவிக்குதோ என்னமோ" என்றார்.

நான் கரண்டியை நிறுத்தினேன்.

அது கழுத்தை நீட்டி, வாலை ஆட்டி ஆட்டி, வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வயசிலிருந்து பறவை பார்த்த மனிதர். தவிக்கிற தொண்டை எது, பாடுகிற தொண்டை எது என்று அவருக்குத் தெரியாதா? சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"கத்துதா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"அது கேக்குது" என்றார் அவர். "இது கத்துதான்னு கேட்டேன்."

"கத்துது."

"பலமாவா?"

"காது கிழியற மாதிரி."

டம்ளரை மேடையில் வைத்தார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தெர்மாமீட்டர் வெச்சீங்களே, அன்னைலேர்ந்து."

"அப்ப பாட்டரி?"

"பாட்டரி நல்லாத்தான் இருந்தது."

"புதுசு வேற போட்டேனே" என்றார். பிறகு, "அப்ப ஏரில?"

"ஏரி முழுக்கக் கத்துது."

"மேனேஜருக்கு?"

"நாலு பேருக்கும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தார், தோள் குலுங்க. பாதியிலேயே அது நின்றுபோனது. கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கைகள் மடியில் கிடந்தன. எனக்கு அந்த மூலை நாற்காலி ஞாபகம் வந்தது, அத்தனை நாள் அடைத்து வைத்தது எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"காது போச்சுன்னா இருக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, இப்ப என்ன பண்ணப் போறீங்க? சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல அந்த ஆட்டோவை அனுப்பு" என்றார்.

ஆட்டோ போனது. தம்பூரா தப்பித்தது. அவர் தப்பிப்பாரா என்பது அன்றைக்குத் தெரியவில்லை. மத்தியானம் மகள் வந்து, திங்கட்கிழமையே அவரை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வயசானால் வருவதுதான், உயர்ந்த ஒலிகள் முதலில் போகும், மற்றவை பெரும்பாலும் இருக்கின்றன என்றார்கள். மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தம்பூராவை ஒரு தரம் மீட்டினார். "தகர டப்பா" என்று கழற்றினார். பேத்தியோடு பேசும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். மற்ற நேரம் அது சாமி அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

பாட்டு நின்றுவிட்டது. ரஜாயைப் பிரிக்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று நான் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். சுவரைப் பார்த்து உட்காரவில்லை. வாசலைப் பார்த்துத்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன்.

ஒருநாள் காலையில் கூப்பிட்டார். "இங்க வா."

"சாம்பார் கொதிக்குது."

"அணைச்சிட்டு வா."

போனேன். தம்பூரா மடியில் இருந்தது. ரஜாய் தரையில்.

"நான் மீட்டறேன். நீ நூலை நகர்த்து. எங்க சத்தம் நிறைஞ்சு வருதோ அங்க நிறுத்து."

"எனக்கு என்ன தெரியும்?"

"விசில் தெரியுமில்ல? அது போதும்."

குதிரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூலைப் பிடித்தேன். அவர் மீட்டினார். நகர்த்தினேன். டொம் என்றது. இன்னும் கொஞ்சம். டொம். இன்னும் ஒரு மயிரிழை. சட்டென்று தந்தி திறந்துகொண்டது. கூடம் நிறைந்தது.

"இதான்" என்றேன்.

"நிஜமாவா? எப்படி இருக்கு?"

"மாவு மிஷின் மாதிரி இருக்கு."

"சனியனே, அப்படிச் சொல்லாதே" என்றார். கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். நான் நூல் வைப்பேன், அவர் பாடுவார். தேன்சிட்டு வந்தால் அடுப்படியிலிருந்து நான் கையை நீட்டிக் காட்டுவேன். ஏரித் தோழர்களிடமும் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வேறு நேரத்தில் நடந்தார். பிறகு அவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டிக்கொண்டார். ஒருவர் மட்டும் இன்னும் டவர் என்கிறார்.

இருக்க மாட்டேன் என்றவர் இருந்தார். சில வருஷம் நன்றாகவே இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதயம், காது இல்லை.

தம்பூராவை மகள் கேட்கிறாள், பேத்தி பாட்டு கற்றுக்கொள்கிறாள் என்று. நீ நூல் வைக்கக் கற்றுக்கொண்டு வா, தருகிறேன் என்றிருக்கிறேன். அதுவரை நான்தான் காலையில் ஒரு தரம் மீட்டிப் பார்க்கிறேன். நூல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இல்லை. எனக்கும் இப்போது அவர் வயசு. என் காது இருக்கிறதா என்று பார்க்கிறேன். எனக்காக நூல் வைக்க வீட்டில் யாரும் இல்லை.

நேற்றுக் காலையில் தேன்சிட்டுச் சத்தம் கேட்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன். இல்லை. பின்கதவைத் திறந்து செருப்பில்லாமல் ஓடிச் செம்பருத்தியைக் கிளை கிளையாக விலக்கிப் பார்த்தேன். பறவை இல்லை. மாதுளையில் இல்லை. மாமரத்திலும் இல்லை.

அப்பாடா, நிஜமாகவே வரவில்லை.

இதற்கு நான் நிம்மதிப்பட்டேன் என்று தெரிந்தால் அவர் என்னை அடிக்க வந்திருப்பார்.